சூசைக்கு ஒரு பார்சல்

பீப். பீப். பீப்.

எங்கள் தெருமுனையில் இருந்த பழைய மண்டியை இடித்துவிட்டு யாரோ பெரிய கிடங்கு கட்டியிருக்கிறார்கள். அதற்குள் ஒரு ஃபோர்க்லிஃப்ட் வந்து சேர்ந்திருக்கிறது. பின்னால் நகரும்போதெல்லாம் இப்படிக் கத்துகிறது. நம் ஊர் வண்டிகள் பின்வாங்கும்போது ஏதாவது ஒரு பாட்டைப் பாடும். இதற்குப் பாட்டு தெரியாது. ஒரே சுரம், ஒரே இடைவெளி. தூக்கத்தில் விட்டுவிட்டு அழுகிற குழந்தையைப் போல.

போன வாரம் பால் வாங்கப் போனபோது அது தெருவுக்குள் பின்னால் வந்துகொண்டிருந்தது. அதன் பாதையில் ஒருவர் கைப்பேசியைக் காதில் வைத்தபடி முதுகைக் காட்டி நின்றார். நான் "சார்" என்று கூப்பிட்டிருக்கலாம். "பின்னாடி வண்டி" என்றாவது சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"சூசை!"

அவர் துள்ளி விலகினார். வண்டி போனது. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாரு சார் சூசை?" என்றார்.

பால் பாக்கெட் கையில் குளிர்ந்துகொண்டிருந்தது. என்ன சொல்வது? துபாய் பக்கம் ஜெபல் அலியில் ஒரு சரக்கு யார்டு முழுக்க அப்படித்தான் கத்துவோம் என்றா? தமிழன், மலையாளி, பிகாரி, பட்டாணி எல்லோருக்கும் அந்தப் பெயருக்கு ஒரே அர்த்தம், 'ஓடு' என்பது மட்டும்தான் என்றா? பாலோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து ஒருவர் நினைவாகவே இருக்கிறது. சூசையின் நினைவு அல்ல. சூசையின் கதையைச் சொன்னவருடைய நினைவு.

துபாயில் மெட்ரோவுக்குத் தூண்கள் நட்டுக்கொண்டிருந்த வருடங்கள் அவை. காலையில் நாங்கள் தங்கியிருந்த கராமாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகும்போது, வழியெங்கும் தலையில்லாத தூண்கள் வரிசையாக நிற்கும். நான் யார்டில் ஒரு தகரக் கேபினுக்குள் டெலிவரி பேப்பர் அடிக்கிற கிளார்க். நான் சொல்ல வந்தவர் அங்கே சேஃப்டி சூப்பர்வைசர். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோர ஊர்க்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கான் பாய்கூட அந்தச் சொல்லை முழுசாகச் சொல்ல வராமல் "அணாச்சி, அணாச்சி" என்பார். கராமாவில் நாங்கள் ஆறு பேர் ஒரே அறை. இரண்டடுக்குக் கட்டிலில் அவர் கீழே, நான் மேலே. வயதில் என்னைவிட நாலைந்து வருடம்தான் மூத்தவர். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என்ன வே, கிளார்க்கு."

தினமும் வேலை தொடங்குவதற்கு முன்னால் ஆட்களை வட்டமாக நிற்க வைத்து ஆபத்துகளைப் பற்றிப் பேச வேண்டும் என்பது கம்பெனி விதி. தலைமை அலுவலகம் அதற்கென்று ஒரு தாள் அனுப்பும். தொங்கும் பாரத்தின் கீழே நிற்காதே. ஹெல்மெட்டைக் கழற்றாதே. அதை வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மற்ற யார்டுகளில் அப்படித்தான் நடந்தது. வாசிப்பவர் வாசித்துக்கொண்டிருப்பார், நிற்பவர்கள் நின்றுகொண்டே தூங்குவார்கள்.

அண்ணாச்சி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவார். ஹெல்மெட்டைக் கழற்றி இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொள்வார், ஏதோ தளும்பிவிடக் கூடாதது அதற்குள் இருப்பது மாதிரி. பிறகு மிக மெல்லப் பேசத் தொடங்குவார்.

"நம்ம சூசை இருக்கான்லா, நேத்துப் பூரா அவன நெனச்சிக்கிட்டே இருந்தேன். சவூதியில தமாமுல ஒரு யார்டு. வெயில்னா வெயில், ஷூவுக்குள்ள காலு வெந்து போவுது. சூசை என்ன செஞ்சான்? ஷூவக் கழட்டி வச்சிட்டு ரப்பர் செருப்பப் போட்டுக்கிட்டான். கொஞ்ச நேரந்தான, எவன் பாக்கப் போறான்னுட்டு. காலுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. காத்துப் பட்டுச்சு. சூசை சிரிச்சான்."

அதையே அடுத்து அவருடைய இந்தியில் சொல்வார். ஆண்பால் பெண்பால் எல்லாம் தாறுமாறாக இருக்கும். ஆனால் "சூசை ஹஸா" என்று முடிக்கும்போது கான் பாயின் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்துவிடும். உடனே ஹெல்மெட்டைத் தலையில் வைத்து, "யல்லா, வேலயப் பாருங்க" என்று திரும்பி நடப்பார். கதை அவ்வளவுதான்.

"அப்புறம் என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"நாளைக்கு."

தேநீர் நேரத்தில் பார்த்தால் ஒவ்வொருவனும் தன் காலைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பான். மறுநாள் வேறொரு கதையின் நடுவில், போகிற போக்கில், "அதான் சூசைக்கு இப்ப சுண்டுவிரல் இல்லையே" என்பார். வட்டத்தில் ஒரு மூச்சு நின்று வரும். செருப்பு போடாதே என்று அவர் கடைசிவரை சொல்லவே மாட்டார்.

ஏன் இவ்வளவு மெல்லப் பேசுகிறீர்கள், பின்னால் நிற்பவனுக்குக் கேட்காதே என்று ஒருநாள் கேட்டேன்.

"சத்தம் போட்டா எட்டி நிப்பான் வே. மெல்லப் பேசுனா கிட்ட வருவான்."

சூசை குவைத்தில் இருந்தான், தமாமில் இருந்தான், ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு காராஜில் இருந்தான். ஃபோர்க்லிஃப்டின் கம்பியில் ஏறி நின்று சவாரி போனான். கண்டெய்னர் நிழலில் படுத்துத் தூங்கினான். லீவு கேன்சலான கோபத்தில் கயிற்றைச் சரியாகக் கட்டாமல் விட்டான். மனைவி போனில் அழுததை நினைத்துக்கொண்டே மேலே பார்க்காமல் நடந்தான். கதைகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அவன் உடம்பில் மிஞ்சியிருக்க வேண்டியது ஒரு மூக்கும் முழங்காலும்தான். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. அவனைப் பற்றி எல்லோருக்கும் ஒன்று மட்டும் தெரிந்திருந்தது: அவன் முட்டாள் இல்லை. களைத்தவன். எங்களைப் போலவே.

ஒருநாள் உயரத்தில் பெட்டிகளோடு அடுக்கியிருந்த பேலட் பலகை ஒன்று சரிந்தபோது கீழே நின்றவனைப் பார்த்து யாரோ "சூசை!" என்று கத்தினார்கள். அவன் என்னவென்று பார்க்காமல் ஓடினான். அட்டைப்பெட்டிகள் அவன் நின்ற இடத்தில் விழுந்தன. அன்றிலிருந்து அதுவே யார்டின் எச்சரிக்கைச் சொல் ஆயிற்று. எட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஆட்கள், எட்டு மொழி. ஆபத்துக்கு ஒரே பெயர்.

எங்கள் யார்டுக்கு இந்த பீப் பீப் சத்தமும் அண்ணாச்சி சம்பாதித்துக் கொடுத்ததுதான். கான் பாயின் வண்டியில் ரிவர்ஸ் ஹாரன் செத்துப்போயிருந்தது. நான்தான் கோரிக்கை அடித்துக் கொடுத்தேன், திரும்பத் திரும்ப. மேனேஜர் குஜராத்காரர், கெட்டவர் இல்லை. 'அடுத்த மாதம்' என்று எழுதித் திருப்பிக்கொண்டே இருந்தார். ஒரு மத்தியானம் அண்ணாச்சி அவர் கேபினுக்குள் போனார். கோரிக்கையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மகள் எப்படி இருக்கிறாள், என்ன படிக்கிறாள் என்று தன் இந்தியில் கேட்டார். பிறகு, "நம்ம சூசைக்கும் ஒரு மக சார். ஒருநாள் வேலை நேரத்துல போன் பண்ணிட்டா, கணக்குல நூத்துக்கு நூறுன்னு" என்று ஆரம்பித்தார். சூசை சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று மறு காதைப் பொத்திக்கொண்டான். யார்டில் முதுகைக் காட்டி நின்றான். பின்னால் ஒரு வண்டி. ஹாரன் இல்லாத வண்டி. மகள் "அப்பா, கேக்குதா?" என்றாள்.

அதோடு நிறுத்திவிட்டு எழுந்து வந்துவிட்டார். அன்று மாலைக்குள் ஷார்ஜாவிலிருந்து மெக்கானிக் வந்து, கான் பாயின் வண்டி கத்தத் தொடங்கியது.

எங்கள் யார்டில் மட்டும் ஆட்களுக்கு அடிபடுவதில்லை என்பது தலைமை அலுவலகத்தின் கண்ணில் பட்டது. அதன் பலனாக ஒரு ஓட்டல் ஹாலில், வேலையிடத்தில் கதை சொல்லும் திறன் பற்றி ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். கோட் போட்ட ஒருவர் திரையில் படம் காட்டினார். கதைக்கு ஒரு நாயகன் வேண்டும், ஒரு சிக்கல், ஒரு தீர்வு, கடைசியில் ஒரு செய்தி. கடைசி வரிசையில் பாதிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அண்ணாச்சியை மேனேஜர் பெருமையாக மேடைக்குத் தள்ளிவிட்டார்.

"உங்கள் கதைகளின் செய்தி என்ன?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"செய்தி ஒண்ணும் இல்ல சார். ஆளு இருக்கான்."

கைதட்டல்.

"எப்படித் தயார் செய்வீர்கள்?"

"காலையில பஸ்ல வரும்போது இன்னைக்கு அவன எங்க அடிக்கலாம்னு பாப்பேன் சார்."

ஹாலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மேடையில் எங்கே கை வைப்பது என்று தெரியாமல், இல்லாத ஹெல்மெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

வேலை முடிந்தால் அவரிடம் ஒரு சொல் மிஞ்சாது. பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொள்வார். கராமாவில் நாங்கள் சாப்பிடும் மெஸ்ஸில் தோசை வேண்டுமென்றால் பக்கத்து மேசைத் தோசையைக் காட்டுவார். வீட்டுக்குப் போன் பேசும்போது "ம்... ம்... சரி... ம்" என்பதுதான் கேட்கும். "வீட்டுக்காரி திட்டுதா. ஊருக்கெல்லாம் கத சொல்லுதியளாமே, எங்கிட்ட நாலு வார்த்த பேச மாட்டேங்கியளேன்னு. எங்கேருந்து பேச?" என்று ஒருமுறை சொன்னார். அதுவே அவர் அறையில் பேசிய நீளமான பேச்சு.

இனி பார்சல்.

வளைகுடாவில் யார் லீவில் போனாலும் தனியாகப் போவதில்லை. அவன் பெட்டியில் பத்துப் பேருடைய வீடு போகும். ஒருவன் அம்மாவுக்குத் தைலம், ஒருவன் பிள்ளைக்குப் பால்பவுடர், அடுத்தவன் தங்கைக்குச் செண்ட். எங்கள் யார்டு வேலுவுக்கு லீவு கிடைத்தது. ராமநாதபுரத்துக்காரன், பேசாத ஆள், எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். அந்த வாரம் காலை வட்டத்தில் ஒருவன் கேட்டான்: "அண்ணாச்சி, சூசை இப்ப எங்க இருக்காரு?"

அண்ணாச்சி எதிர்பார்க்கவில்லை. "ஊர்லதான்" என்றார். எந்த ஊர் என்றான். வாயில் வந்தது சொந்த ஊர்ப் பக்கம்; தன் ஊருக்கு இரண்டு ஊர் தெற்கே இருந்த ஒரு கடற்கரை ஊரைச் சொல்லிவிட்டார்.

"அட, நம்ம வேலு ஊர்லருந்து பஸ் இருக்குமே!"

அன்று சாயங்காலமே தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் வேலு என் கேபினுக்கு வந்து அதைக் காட்டினான். பால்பவுடர் டின், தைலம், புலிப்படம் போட்ட போர்வை, ஸ்டோர்கீப்பர் மலையாளி கொடுத்த டார்ச். கான் பாய் ஒரு புதுச் சட்டை வாங்கியிருந்தார், பட்டன் இல்லாதது, தலைவழியாகப் போட்டுக்கொள்வது. இன்னொரு கதையில் சூசைக்குக் கைவிரலும் போயிற்றே, பட்டன் எப்படிப் போடுவான்? செருப்பு வாங்கலாமா என்று யாரோ கேட்க, எந்தக் காலில் சுண்டுவிரல் இல்லை என்று பெரிய தர்க்கம் நடந்து, செருப்பே வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. பெட்டியில் இடம் போதாமல், வீட்டுக்கென்று வாங்கியிருந்த ரைஸ் குக்கரை வேலு கட்டிலுக்கடியில் விட்டுவிட்டிருந்தான்.

"அடுத்த லீவுக்குக் கொண்டுபோய்க்கிறேண்ணே. அவரு பாவம்ல" என்றான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கராமாவில் எங்கள் கட்டட மொட்டைமாடியில் நானும் அண்ணாச்சியும் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு சட்டையை உதறிவிட்டு மறு சட்டையை எடுப்பதற்குள் முதல் சட்டை காய்ந்துவிடும் வெயில். கிளிப்பை வாயில் வைத்தபடியே அண்ணாச்சி சொன்னார்.

"சூசைன்னு ஒருத்தன் கெடையாது வே."

"தெரியும்" என்றேன். தெரியாது. ஊகிக்காமல் தள்ளிவைத்திருந்தேன், அவ்வளவுதான்.

"நீரு ஆபீஸ்ல இருக்கீரு, ஒமக்குத் தெரிஞ்சாப் பரவால்ல. யார்டுல தெரியக்கூடாது." கிளிப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "வேலு போயித் தேடிட்டு, பார்சலோட திரும்பி வந்தான்னு வையும். பெறகு எவனாவது சூசைன்னு கத்துனா ஓட மாட்டான் வே. திரும்பிப் பாத்துச் சிரிப்பான். சிரிக்க எவ்வளவு நேரம் ஆவும்? பேலட் விழ அது போதும்."

"உண்மையிலயே யாரும் இல்லையா அண்ணாச்சி? யாரையாவது வெச்சுத்தானே..."

"மொதக் கம்பெனியில ஒருத்தன் போனான். எங் கண்ணு முன்னால. மறுநா காலையில உள்ளது உள்ளபடி சொன்னேன், பேரு, ஊரு, எப்படி நடந்துச்சுன்னு. எல்லாவனும் தலையக் குனிஞ்சு நின்னான். கொஞ்ச நாளு பயந்தான். பெறகு மறந்துட்டான். செத்தவன ஒரு தடவதான வே சொல்ல முடியும்? மறுநா அவன வச்சு என்னத்தச் சொல்லுவீரு? அதான் ஒருத்தன உசுரோட வச்சிருக்கேன். தெனமும் எந்திச்சு எங்கயாவது அடிக்கேன். கதைதான, அடிச்சா என்னன்னு நெனப்பீரு. எனக்குக் கை வலிக்கி வே."

"அப்ப, செத்துட்டாருன்னு சொல்லிருங்களேன். பார்சல் வேண்டாம்னு ஆயிடும்."

அவர் அடுத்த சட்டையை எடுத்து உதறினார். கீழே தெருவில் யாரோ டாக்ஸிக்காரனோடு சண்டை போட்டார்கள். "பாப்போம்" என்றார்.

மறுநாள் காலை ஹெல்மெட்டைக் கழற்றினார். நான் கேபின் வாசலில் நின்றேன்.

"நம்ம சூசைக்கு... ஊர்லருந்து போன் வந்துச்சு. ஒடம்பு ரொம்ப முடியலன்னு..."

அதற்கு மேல் போவதற்குள் கான் பாய் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஏந்திவிட்டார். பக்கத்தில் ஒருவன் கண்ணை மூடினான். இன்னொருவன் நெஞ்சில் சிலுவை போட்டான். வேலு பெட்டி கட்டிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வட்டம் முழுக்க உதடுகள் மட்டும் அசைந்தன.

அண்ணாச்சி அவர்களைப் பார்த்தார்.

"...முடியலன்னு சொன்னாவ. இப்ப தேவலையாம். எந்திச்சு ஒக்காந்துட்டானாம்."

"அல்ஹம்துலில்லா" என்றார் கான் பாய். எல்லோரும் சிரித்தார்கள், ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

கேபினுக்குள் வந்து என் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார் அண்ணாச்சி. "கொல்ல விட மாட்டேங்கானுவ வே" என்றார்.

வேலு போனான். அவன் இல்லாத நாட்களில் அண்ணாச்சி கதை சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தார். சூசை எங்கே என்று கேட்டவர்களிடம், "அவனுக்கும் லீவு வேண்டாமா?" என்றார். ஆட்கள் நின்றுகொண்டே தூங்கத் தொடங்கினார்கள். வெயிலில் ஹெல்மெட்டுகள் கழன்றன. ரப்பர் செருப்புகள் வந்தன. ஒருநாள் மத்தியானம் கண்டெய்னர் கதவொன்று காற்றில் அறைய, அதன் வழியில் நின்றவனைப் பார்த்து யாரோ கத்தினார்கள்: "சூசை!" அவன் விலகினான். ஆனால் ஒரு கணம் தாமதமாக. சட்டைக் கை கிழிந்ததோடு போயிற்று. கிழிந்த துணியை அண்ணாச்சி விரலால் தொட்டுப் பார்த்ததை நான் கேபின் ஜன்னல் வழியே பார்த்தேன். அன்று பஸ்ஸில் அவர் கண்ணை மூடவில்லை. தூண்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வேலு திரும்பி வந்த காலை, வட்டம் கூடுவதற்கு முன்பே அவனைச் சுற்றி எல்லோரும் நின்றுவிட்டார்கள். அண்ணாச்சி தாளோடு ஒதுங்கி, ஒரு பேலட்டின் மேல் கைவைத்து நின்றார்.

"சூசை கைசா ஹை?" என்று நலம் கேட்டார் கான் பாய்.

பேசாத வேலு ஹெல்மெட்டைக் கழற்றினான். நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். மிக மெல்ல ஆரம்பித்தான். எல்லோரும் கிட்டே போனார்கள்.

"பாத்தேன். சேர்ல ஒக்காந்திருந்தாரு. இடுப்புதான் எந்திரிக்க விடல. கான் பாய் சட்டைய உடனே போட்டுக் காமிச்சாரு, அளவு சரியா இருந்துச்சு. போர்வைய மடியில விரிச்சு வச்சிக்கிட்டாரு. அவனுகள மேல பாத்து நடக்கச் சொல்லுன்னாரு."

ஸ்டோர்கீப்பர் அதை இந்தியில் சொன்னார். கான் பாய் சட்டை அளவைப் பற்றி இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். வேலு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு "யல்லா" என்றான். ரப்பர் செருப்போடு வந்திருந்தவன் ஷூ எடுக்கத் திரும்பி நடந்தான்.

அண்ணாச்சிக்கு மூச்சு வந்தது. எனக்கும்தான். எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறான் இந்தப் பயல் என்று நினைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் வேலு கேபின் நிழலுக்கு வந்தான். நாங்கள் மூன்று பேர் மட்டும்.

"அண்ணாச்சி, அந்த ஊருக்குப் போனேன். கோயில் வாசல்ல கேட்டேன். சூசைன்னு அரபுநாட்டுலருந்து வந்தவரு யாரும் இல்லன்னுட்டாங்க."

அண்ணாச்சி தரையைப் பார்த்தார்.

"பேரு மறந்துருக்குமோன்னு, அங்க போயி அடிபட்டு வந்தவருன்னு சொன்னேன். அப்ப..." வேலு நிறுத்தினான். "அப்ப, எந்தத் தெருன்னு கேட்டாங்க அண்ணாச்சி."

ஏசி இயந்திரத்திலிருந்து தண்ணீர் மணலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மேலத்தெருவுல ஒருத்தரு, கோயிலுக்குப் பின்னால ஒருத்தரு, கடக்கரையில ஒருத்தரு இருக்காங்களாம். இன்னும் சொன்னாங்க. நான் கோயிலுக்குப் பின்னால உள்ளவருக்குக் குடுத்துட்டேன், அவரு வீடுதான் கிட்டத்துல இருந்துச்சு. தப்பா அண்ணாச்சி?"

"இல்லடே" என்றார் அண்ணாச்சி.

"யாரு குடுத்து விட்டான்னு கேட்டாரு. கம்பெனி ஆளுகன்னேன். 'எங் கம்பெனியா?'ன்னாரு, முகமெல்லாம் ஒரு மாதிரி ஆயி. இல்லங்கய்யா, எங்க கம்பெனின்னேன். அப்புறம் போர்வையத் தடவிக்கிட்டே இருந்தாரு. மேல பாத்து நடக்கச் சொல்லுன்னு அவரு சொன்னது நெசம். நான் கெளம்பும்போது சொன்னாரு."

"அவரு பேரு என்னடே?"

வேலு சொன்னான். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அண்ணாச்சி அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

மறுநாள் வட்டம் கூடியது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "நம்ம சூசை..." என்றார். நின்றார். மறுபடி "நம்ம சூசை" என்றார். ஆட்கள் கிட்டே வந்தார்கள், இன்னும் கிட்டே வந்தார்கள். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். அதையும் ஒரு புதிய உத்தி என்றே நினைத்து அன்று எல்லோரும் கவனமாக வேலை செய்தார்கள்.

"முன்ன அவனுக்கு மொகம் கெடையாது வே" என்று பஸ்ஸில் சொன்னார். பஸ்ஸில் அவர் பேசியது அதுதான் முதல்முறை. "எங்க வேணாலும் அடிக்கலாம். இப்ப சேரு இருக்கு, மடியில போர்வ இருக்கு. எங்கன அடிக்க?"

அந்த மாதமே விசாவைக் கேன்சல் செய்யக் கேட்டுவிட்டார். மேனேஜர் கெஞ்சினார். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்த வேலை, எல்லா யார்டு சூப்பர்வைசர்களுக்கும் கதை சொல்லக் கற்றுக்கொடுத்தால் போதும் என்றார். "ஒடம்புக்கு முடியல சார்" என்றார் அண்ணாச்சி. உடம்பில் என்ன என்று மேனேஜர் கேட்டதற்கு, கேன்சல் தாளை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

அவர் கிளம்பியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். வெள்ளை வெயில். கம்பெனி பிக்கப்பை எடுத்துக்கொண்டு கான் பாயே ஏர்போர்ட்டில் விட வந்திருந்தார். பெட்டியை நானும் அவரும் கீழே இறக்கினோம். யாரிடமும் எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று அண்ணாச்சி அறையில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பிக்கப்பின் கதவைத் திறந்த கான் பாய், இருக்கையிலிருந்து பேரீச்சம்பழப் பொதி ஒன்றை எடுத்து நீட்டினார். புதுப் பழம், பொதியின் துணி ஈரமாக ஒட்டியது.

"அணாச்சி, சூசை கே லியே."

சூசைக்காம். நான் வேறு பக்கம் பார்த்தேன். அண்ணாச்சி அதை இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பெட்டிக்குள் வைக்கவில்லை. அப்படியே வண்டியில் ஏறி உட்கார்ந்தார், பொதி மடியில்.

ஜன்னல் கண்ணாடி இறங்கியது. எனக்குக் கேட்க நிறைய இருந்தது. அந்த முதல் கம்பெனியில் செத்தவனுடைய பெயர் என்ன, ஊருக்குப் போய் என்ன செய்வீர்கள், வீட்டில் இனிமேலாவது பேசுவீர்களா. வாயில் வந்தது ஒன்றுதான்.

"நாளைக்கு யாரு அண்ணாச்சி கதை சொல்லுவா?"

"வேலுவத்தான் நிறுத்துவாவ. நல்லாச் சொல்லுவான்." கான் பாய் வண்டியைக் கிளப்பினார். அண்ணாச்சி தலையை வெளியே நீட்டி, வழக்கம்போல் மெல்லச் சொன்னார், நான் கிட்டே போக வேண்டியிருந்தது.

"யாரு சொன்னாலும் சரி வே. மெல்ல அடிக்கச் சொல்லும்."